நான்காயிரம் ஹெர்ட்ஸ்

ரியேக்காவில் கப்பல் கட்டியவர்கள்
வயதானதும் என்னிடம் வந்து சேருவார்கள்.
தானாக யாரும் வருவதில்லை.
மனைவி இழுத்து வருவாள், இல்லையென்றால் மகள்.
கோட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுவார்கள்:
எனக்கு ஒன்றுமில்லை,
இவள்தான் முணுமுணுக்கிறாள்.

ஸ்வோனிமிர் முப்பத்தெட்டு வருடம்
இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் சமன்செய்தவர்.
அவர் பெயருக்குள் ஒரு மணி தொங்குகிறது,
நாக்கை யாரோ கழற்றிவிட்ட மணி.
இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லையாம்.
பாதிரியார் மைக்கை மாற்ற வேண்டுமாம்.
குருவிகளா?
அவை ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்றே என்றார்.
என் ஜன்னல் விளிம்பில் அப்போது
மூன்று கத்திக்கொண்டிருந்தன.

லியெர்கா அம்மாள் வேறு ரகம்.
கேட்டவரைக்கும் போதும்,
இந்த உலகத்தில் கேட்கிற மாதிரி என்ன இருக்கிறது என்பாள்.
எட்டாத திராட்சை எப்போதும் புளிக்கும்.
வரைபடத்தைக் காட்டினேன்.
சிரித்தபடி கேட்டாள்:
இந்தச் செருப்பு எங்கே வாங்கினாய்?

இன்னொருவர்
கருவியின் விலையைக் கேட்டு
மிகப் பணிவாக நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.
வாசலில் கட்டியிருந்த நாய்க்கு ஓர் உதை.
எய்தவள் நான் மாடியில் நிற்கிறேன்.
அம்பைக்கூட அவர் நோகவில்லை.

இவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு.
மாலை வகுப்பில் படித்திருக்கிறேன்.
கோப்பின் மூலையில் சின்னதாக எழுதிவைப்பேன்:
மறுப்பு. சாக்கு. திசைமாற்றம்.
பென்சிலால்தான்.
அவர்கள் எட்டிப் பார்த்தால் அழிக்க வேண்டுமே.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
ஓசை கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள் என்பேன்.
ஸ்வோனிமிர் எல்லாவற்றுக்கும் அழுத்தினார்,
நாய்க்கு மட்டுமே கேட்கக்கூடியதற்கும்.
பிறகுதான் புரிந்தது,
மனிதர் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
கோடு சரிந்தது,
பாறையிலிருந்து கடலுக்குள் குதிப்பதுபோல.
வெளியே வந்தவர் சொன்னார்:
உன் இயந்திரத்துக்குச் சளி பிடித்திருக்கிறது.

இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தேன்.

தினமும் காலையில் ஆட்கள் வரும் முன்
என் காதை வைத்தே இயந்திரத்தைச் சோதிப்பது வழக்கம்.
பிப்ரவரியில் ஒரு நாள்,
வாடைக்காற்று துறைமுகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது,
நான்காயிரம் ஹெர்ட்ஸில் ஒன்றும் வரவில்லை.
வயரை ஆட்டிப் பார்த்தேன்.
வேறு ஹெட்போன் மாட்டினேன்.
காற்றின் இரைச்சல்தான் என்று போய்க் கதவைச் சாத்தினேன்,
ஏற்கெனவே சாத்தியிருந்த கதவை.
பிறகு உதவிக்கு இருக்கும் திஹானாவிடம் கத்தினேன்,
இதைக் கீழே போட்டது யார்?
அவள் யாரும் இல்லை என்றாள். அதற்கும் கத்தினேன்.

ஸாக்ரெபுக்கு அனுப்பினோம்.
பதினோராம் நாள் திரும்பி வந்தது,
பழுது ஏதுமில்லை என்ற சீட்டுடன்.
அந்தச் சீட்டை நான்காக மடித்து
ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தேன்.
மேஜை இப்போது ஆடுவதில்லை.
பொறியாளர்கள் திறந்தே பார்ப்பதில்லை என்று
கணவரிடம் அன்றிரவு சொன்னேன்.
அவர் ஏதோ பதில் சொன்னார்.
முணுமுணுப்பது அவர் பழக்கம்.

நேற்று, கடைசி ஆளும் போன பிறகு,
திஹானா கேட்டாள்:
எனக்குக் கை பழக வேண்டும்,
கொஞ்சம் உள்ளே உட்காருகிறீர்களா?
என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.
நல்ல பெண்.

உட்கார்ந்தேன்.
ஓசை கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள்.
முதலில் தடித்த ஓசைகள். கப்பலின் சங்குபோல,
கெட்டிலின் முனகல்போல. அழுத்தினேன், அழுத்தினேன்.
பிறகு பஞ்சு.
பஞ்சுக்குள் என் எச்சில் விழுங்கும் சத்தம்.
கண்ணாடிக்கு அப்பால்
பச்சை ஸ்வெட்டருக்குள் அவள் முழங்கை
லேசாக அசைகிறது.

அழுத்துகிறேன்.

மறுபடி அசைகிறது.
அழுத்துகிறேன்.

நாற்காலியைத் திருப்ப வேண்டும் என்று
அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.